எண்பது வெற்றிகளின் விலை

முதல் உலகப் போரில் களம் கண்ட கோடிக்கணக்கான வீரர்களில், நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் உலகெங்கும் பெயர் சொல்லப்படுபவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஜெர்மானியப் போர் விமானி மான்ஃபிரட் ஃபான் ரிக்தோஃபென். சிவப்புப் பிரபு என்று பிற்காலத்தார் அவரை அழைத்தனர். அவருடைய சிவப்பு விமானம் இன்று குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவும், படக்கதைகளில் வரும் உருவமாகவும், வணிகப் பொருள்களின் அடையாளமாகவும் வலம்வருகிறது. அந்த விமானத்தில் அமர்ந்திருந்த இளைஞர் இருபத்தாறு வயதை எட்டுவதற்கு 11 நாள்கள் இருக்கும்போது கொல்லப்பட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

நான் போர்க்கலை அறிந்தவன் அல்லன்; பொருளியல் கற்பித்தவன். ஒரு நாடு தன்னிடமுள்ள வளங்களை எதற்காக, எந்தக் கணக்கில் செலவிடுகிறது என்ற கேள்வியோடு வரலாற்றைப் படிப்பது என் தொழில் தந்த பழக்கம். அந்தக் கண்ணோட்டத்தில் ரிக்தோஃபெனின் வாழ்க்கையைப் படிக்கும்போது, வீரக் கதைகள் சொல்லாமல் விட்டுவிடும் வரவு செலவுக் கணக்கு ஒன்று புலப்படுகிறது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிக்தோஃபென் 1892 மே 2 அன்று, இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என வழங்கும் பிரெஸ்லாவ் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். பிரஷ்யப் பிரபுக் குடும்பம். தந்தை ராணுவ அதிகாரி. சிறு வயதிலேயே குடும்பம் ஷ்வைட்நிட்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. இல்சே என்ற சகோதரியும், லோதார், போல்கோ என்ற இரு தம்பியரும் அவருக்கு உண்டு. பதினொரு வயதில் அவர் வால்ஷ்டாட் ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே படிப்பிலோ ஒழுங்கு விதிகளிலோ அவர் மனம் ஒன்றவில்லை. உடற்பயிற்சி, மரமேறுதல், குதிரையேற்றம், வேட்டை ஆகியவையே அவரை ஈர்த்தன. வேட்டையாடிய விலங்குகளின் கொம்புகளைச் சுவரில் மாட்டிவைப்பது அக்காலப் பிரபுக் குடும்பங்களின் வழக்கம். இந்த வழக்கம் பின்னாளில் அவரிடம் எந்த வடிவம் எடுத்தது என்பதைப் பிறகு காண்போம்.

1911-இல் அவர் குதிரைப்படையில் சேர்ந்து, மறு ஆண்டு அதிகாரியாக நியமனம் பெற்றார். பிரஷ்யப் பிரபு குலத்து இளைஞனுக்குக் குதிரைப்படை அதிகாரி என்பதைவிடப் பெருமைக்குரிய பதவி வேறில்லை. ஆனால், 1914 ஆகஸ்டில் தொடங்கிய போர், சில மாதங்களிலேயே அந்தப் பெருமையைப் பொருளற்றதாக்கியது. மேற்கு முனையில் அகழிகளும், முள்கம்பி வேலிகளும், இயந்திரத் துப்பாக்கிகளும் தோன்றிய பின் குதிரைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பல நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்க்கப்பட்ட ஒரு தொழில்திறன், ஒரே பருவத்தில் சந்தை மதிப்பை இழந்தது. குதிரை வீரர்கள் செய்தி கொண்டுசெல்பவர்களாகவும், பண்டங்களுக்குக் காவலர்களாகவும் ஆயினர். பண்டசாலைப் பணிக்கு அனுப்பப்படும் நிலை வந்தபோது, ரிக்தோஃபென் விமானப் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். 1915 மே மாதம் அது கிடைத்தது.

அவர் முதலில் விரும்பியது விமானம் ஓட்டுவதை அன்று. விமானிப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் போர் முடிந்துவிடுமோ என்று அஞ்சினார். ஆகவே குறுகிய காலப் பயிற்சி போதுமான பார்வையாளர் பணியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பேர் அமரும் விமானத்தில் எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்க்கும் பணி அது. 1915 கோடையில் ரஷ்யப் போர்முனையில் அவர் இப்பணியைச் செய்தார். போர் விரைவில் முடிந்துவிடும் என்ற அந்த அச்சம் அவருக்கு மட்டுமே உரியதன்று. ஐரோப்பாவின் அரசுகள் அனைத்தும் அவ்வாறே எண்ணித்தான் போரில் இறங்கின.

1915 அக்டோபரில் ஒரு ரயில் பயணத்தில் அவர் ஓஸ்வால்ட் போயல்கேயைச் சந்தித்தார். தனித்துப் பறந்து எதிரி விமானங்களை வீழ்த்தும் கலையில் அன்று ஜெர்மனியில் பெயர்பெற்றவர் போயல்கே. அந்தச் சந்திப்புக்குப் பின்னரே ரிக்தோஃபெனுக்கு விமானியாகும் ஆசை பிறந்தது. தொடக்கம் சிறப்பாக அமையவில்லை. முதன்முதலாகத் தனியே பறந்தபோது தரையிறங்குகையில் விமானத்தைச் சேதப்படுத்தினார். முதல் தேர்வில் தோல்வியுற்றார். மீண்டும் முயன்று, 1915 கிறிஸ்துமஸ் நாளன்று தேர்ச்சி பெற்றார். பிறவித் திறமை என்று நாம் பின்னாளில் வியக்கும் பலவற்றின் தொடக்கம் இப்படித்தான் இருக்கிறது.

1916 ஆகஸ்டில் போயல்கே புதிய சண்டை விமானப் பிரிவு ஒன்றை அமைப்பதற்காகத் தகுந்த இளைஞர்களைத் தேடினார். ரஷ்ய முனையில் குண்டுவீச்சுப் பணியில் இருந்த ரிக்தோஃபெனை நேரில் கண்டு தேர்ந்தெடுத்தார். இரண்டாம் எண் சண்டைப் பிரிவு எனப்பட்ட அந்தப் படையில், வான்சண்டை முதன்முறையாக முறையான பாடமாகக் கற்பிக்கப்பட்டது. உயரத்தையும் சூரியனையும் தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட பின்னரே தாக்க வேண்டும். மிக அருகில் சென்ற பின்னரே சுட வேண்டும். பின்புறமிருந்தே தாக்க வேண்டும். எதிரியின் எல்லைக்குள் இருக்கும்போது திரும்பும் வழியை ஒருபோதும் மறக்கக் கூடாது. இவையே போயல்கே வகுத்த விதிகளின் சாரம். இவற்றில் கடைசி விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1916 செப்டம்பர் 17 அன்று, பிரான்ஸின் கம்ப்ரே நகரை அடுத்த வானில், பிரிட்டனின் இருவர் விமானம் ஒன்றை ரிக்தோஃபென் வீழ்த்தினார். அதில் இருந்த லயனல் மாரிஸ், டாம் ரீஸ் என்ற இரு இளைஞர்களும் உயிரிழந்தனர். அதுவே அவருடைய பெயரில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் வெற்றி. அதைக் கொண்டாட பெர்லின் நகை வணிகர் ஒருவரிடம் சிறிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றைச் செய்யச் சொன்னார். வெற்றியின் எண், விமானத்தின் வகை, நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டன. அதன் பின் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கிண்ணம். வேட்டைக்காரன் வீட்டுச் சுவரில் கொம்புகள் சேர்வதுபோல் கிண்ணங்கள் சேர்ந்தன.

அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று போயல்கே இறந்தார். எதிரியின் குண்டு அவரைக் கொல்லவில்லை. ஒரே இலக்கைத் துரத்திய தம் பிரிவு விமானி ஒருவரின் விமானம் அவருடைய விமானத்தில் உரசியதே காரணம். அப்போது அவருடைய கணக்கில் 40 வெற்றிகள் இருந்தன. ஆசிரியரின் இறுதிச் சடங்கில் அவர் பெற்ற விருதுகளை ஏந்தி நடந்தவர் ரிக்தோஃபென்.

நவம்பர் 23 அன்று நடந்த சண்டை ரிக்தோஃபெனின் பெயரைப் பரப்பியது. அன்று அவர் எதிர்கொண்டது பிரிட்டனின் புகழ்பெற்ற விமானி லானோ ஹாக்கரை. அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றவர் ஹாக்கர். இருவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்தனர். திறமையில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், ஹாக்கரின் விமானத்துக்கு 100 குதிரைத்திறன் எஞ்சின். ரிக்தோஃபெனின் அல்பட்ரோஸ் விமானத்துக்கு 160 குதிரைத்திறன். ஹாக்கரிடம் ஓர் இயந்திரத் துப்பாக்கி, ரிக்தோஃபெனிடம் இரண்டு. இவற்றுக்கும் மேலாக, மேற்கிலிருந்து வீசிய காற்று இருவரையும் கணம்தோறும் ஜெர்மன் எல்லைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. எரிபொருள் குறையவே, ஹாக்கர் தம் எல்லையை நோக்கித் திரும்பினார். அப்போது பின்னாலிருந்து பாய்ந்த குண்டு அவர் தலையைத் துளைத்தது. ஹாக்கருடைய துப்பாக்கி பின்னர் ஷ்வைட்நிட்ஸ் வீட்டின் கதவுக்கு மேல் மாட்டப்பட்டது.

இந்தக் காற்றைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். மேற்கு முனையில் பெரும்பாலான நாள்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். பிரிட்டிஷ் விமானப் படையின் தளபதி டிரென்சார்டு, எப்போதும் எதிரியின் எல்லைக்குள் சென்று போரிட வேண்டும் என்ற கொள்கை உடையவர். எனவே பெரும்பாலான சண்டைகள் ஜெர்மன் நிலத்துக்கு மேலேயே நடந்தன. எஞ்சின் பழுதானால் ஜெர்மன் விமானி தன் நிலத்தில் இறங்கி மறுநாள் மீண்டும் பறக்கலாம். பிரிட்டிஷ் விமானி சிறைப்படுவார். வீழ்ந்த விமானத்தின் சிதைவு ஜெர்மன் பக்கத்தில் கிடைப்பதால் வெற்றியைச் சான்றுடன் பதிவுசெய்வதும் எளிது. ஒருவரின் சாதனையை அளக்கும்போது, அவர் எந்த விதிகளின் கீழ் ஆடினார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். இதைச் சொல்வதால் அவருடைய திறமை குறைந்துவிடாது. அதன் உண்மையான அளவு தெரியும்.

விருதுகளின் கதையும் ஒரு பொருளியல் ஆசிரியனுக்குச் சுவையானது. 1916 தொடக்கத்தில் போயல்கேயும், இம்மெல்மன் என்ற மற்றொரு விமானியும் தலா 8 வெற்றிகளுக்குப் பிரஷ்யாவின் மிக உயர்ந்த ராணுவ விருதைப் பெற்றனர். வெற்றிகள் பெருகப் பெருக, விருதுக்கான வரம்பும் உயர்ந்தது. ரிக்தோஃபென் அதைப் பெற 16 வெற்றிகள் தேவைப்பட்டன. 1917 ஜனவரி 12 அன்று அவருக்கு அது வழங்கப்பட்டது. விலைவாசி ஏறும்போது அதே பொருளுக்கு இரு மடங்கு பணம் கொடுப்பதைப் பணவீக்கம் என்கிறோம். இங்கே நாணயமாகப் புழங்கியது மனித உயிர்.

விருது வந்த சில நாள்களில் அவர் 11-ஆம் எண் சண்டைப் பிரிவுக்குத் தலைவரானார். அமைக்கப்பட்ட நாள் முதல் ஒரு விமானத்தைக்கூட வீழ்த்தியிராத பிரிவு அது. அங்கேதான் தம் விமானத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசினார். தலைவரின் விமானம் மட்டும் தனித்துத் தெரிந்து இலக்காகிவிடக் கூடாது என்று மற்றவர்களும் தங்கள் விமானங்களில் சிவப்பைச் சேர்த்துக்கொண்டனர். அவர் நல்ல ஆசிரியராகவும் விளங்கினார். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் யார் எங்கே தவறினார்கள் என்று பேசித் திருத்தினார். சாகசங்களில் அவருக்கு நாட்டமில்லை. வேட்டையில் கற்ற பொறுமையும், குறி பார்த்து நெருங்கும் நிதானமுமே அவருடைய முதலீடு.

1917 ஏப்ரல் மாதத்தை பிரிட்டிஷ் விமானப் படையினர் குருதி ஏப்ரல் என்றே குறித்துவைத்தனர். அராஸ் போரை முன்னிட்டு பிரிட்டன் தன் பீரங்கிகளுக்கு வழிகாட்டவும், அகழிகளைப் படமெடுக்கவும் விமானங்களை இடைவிடாது அனுப்பியது. வேகம் குறைந்த, பழைய வகை இருவர் விமானங்கள் அவை. படமெடுக்க வேண்டுமானால் நேர்கோட்டில், ஒரே உயரத்தில் பறந்தாக வேண்டும். பல விமானிகள் மிகச் சில மணி நேரப் பயிற்சியுடன் களத்துக்கு வந்தவர்கள். அந்த ஒரு மாதத்தில் பிரிட்டன் இழந்தது 245 விமானங்கள்; ஜெர்மனி இழந்தது 66. ரிக்தோஃபென் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தினார். 29-ஆம் தேதி ஒரே நாளில் நான்கு. மாத இறுதியில் அவருடைய கணக்கு 52. ஆசிரியரின் எண்ணிக்கையை அவர் கடந்துவிட்டார்.

அவர் வீழ்த்தியவற்றில் பெரும்பகுதி இத்தகைய இருவர் விமானங்களே. எளிய இரைகளைத் தேடினார் என்று இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது சரியாகப்படவில்லை. தரையிலிருந்த ஜெர்மன் காலாட்படை வீரனுக்கு ஆபத்து, அந்தப் படமெடுக்கும் விமானங்களிடமிருந்தே வந்தது. ஒரு புகைப்படம் ஒரு பீரங்கிக்குக் கண் கொடுக்கும். அந்தப் பீரங்கி நூறு பேரைக் கொல்லும். ராணுவத்தின் பார்வையில் அவர் செய்தது மிகச் சரியான பணி. வான்வீரர்களைப் பழைய காலத்துக் குதிரை வீரர்களைப் போல ஒருவருக்கொருவர் மோதிக்கொண்டவர்களாகக் காட்டும் கதைகள்தாம் உண்மையைத் திரிக்கின்றன.

அந்தக் கதைகளை விரும்பி வளர்த்தது ஜெர்மன் அரசு. காரணம் எளிது. 1916 இறுதியில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் உணவும் உரமும் வருவது நின்றது. மாட்டுத் தீவனமாகப் பயன்பட்ட கிழங்கை மக்கள் உண்டு உயிர்வாழ்ந்த அந்தப் பருவத்துக்கு டர்னிப் குளிர்காலம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அகழிகளிலிருந்தோ, பெயரற்ற மரணங்களின் பட்டியலே வந்துகொண்டிருந்தது. கொடுப்பதற்கு ரொட்டி இல்லாத அரசு, போற்றுவதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. ரிக்தோஃபெனின் படம் அச்சிட்ட அஞ்சல் அட்டைகள் நாடெங்கும் விற்பனையாயின. தம் இருபத்தைந்தாவது பிறந்த நாளன்று அவர் பேரரசர் வில்ஹெல்முடன் விருந்துண்டார். அதே விடுப்பில் எழுதத் தொடங்கிய அவருடைய தன்வரலாறு, ராணுவத் தணிக்கையைக் கடந்து 1917-லேயே நூலாக வெளிவந்து பெரும் விற்பனை கண்டது.

1917 ஜூனில் நான்கு சண்டைப் பிரிவுகளை ஒன்றிணைத்துப் பெரும்படை ஒன்று அமைக்கப்பட்டு, அதன் தலைமை அவரிடம் தரப்பட்டது. தேவைப்படும் முனைக்கு ரயிலேறிச் சென்று கூடாரமடித்துப் போரிட்ட அந்தப் படைக்கு, எதிரிகள் பறக்கும் சர்க்கஸ் என்று பெயரிட்டனர். எண்ணிக்கையில் பின்தங்கிய ஜெர்மனி, இருக்கும் சிறு வளத்தைத் தேவைப்படும் இடத்தில் குவித்துப் பயன்படுத்தக் கண்ட வழி அது. பற்றாக்குறையே அந்த உத்தியின் தாய்.

ஜூலை 6 அன்று பெல்ஜிய எல்லையை ஒட்டிய வானில் நடந்த சண்டையில் ஒரு குண்டு அவர் தலையை உரசிச் சென்றது. சில கணங்கள் கண்பார்வையும் கைகால்களின் இயக்கமும் அற்றுப்போயின. பார்வை மங்கலாகத் திரும்பியதும் எப்படியோ விமானத்தைத் தரையிறக்கினார். மண்டை ஓட்டில் விரிசல். எலும்புச் சில்லுகளை அகற்றப் பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறுவதற்கு முன்பே, மருத்துவர்களின் அறிவுரையை மீறி, மூன்று வாரங்களுக்குள் படைக்குத் திரும்பினார். பறந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் குமட்டலும் தலைவலியும் அவரை வாட்டின. பின்னர் நீண்ட விடுப்பில் அனுப்பப்பட்டார். அந்தக் காயம் அவருடைய இயல்பையும் முடிவெடுக்கும் திறனையும் மாற்றிவிட்டது என்று இக்கால மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். கலகலப்பானவர் வாய்மூடியானார். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் தம்மைச் சோர்வு கவ்வுவதையும், தம் நூலில் பேசும் துடுக்கான இளைஞனாகத் தாம் இப்போது இல்லை என்பதையும் அவர் பின்னாளில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று காட்டுகிறது.

அதே ஜூலை மாதம் அவர் எழுதிய ஒரு கடிதம், என்னைப் போன்றவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. தம் படைக்கு வந்த புதிய அல்பட்ரோஸ் விமானங்கள் ஆங்கிலேயரின் விமானங்களுக்கு ஈடாகவில்லை. ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதால் முன்னேற்றம் தேங்கிவிட்டது என்பது அதன் சாரம். அவ்வகை விமானங்களின் கீழ் இறக்கை பலவீனமானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த முந்தைய மாதிரி ஒன்றின் இறக்கை 1917 ஜனவரியில் அவர் பறந்துகொண்டிருந்தபோதே பிளந்தது. போட்டியற்ற சந்தையில் தரம் தேயும் என்ற பாடத்தை, வகுப்பறையில் படிக்காத அந்தக் குதிரைப்படை அதிகாரி உயிரைப் பணயம் வைத்துக் கற்றிருந்தார்.

அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் ஃபோக்கர் நிறுவனத்தின் மூன்றடுக்கு இறக்கை விமானம். இன்று அவருடைய பெயருடன் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பது இதுவே. எனினும், அவருடைய 80 வெற்றிகளில் ஏறத்தாழ கால் பங்கே இதில் கிடைத்தவை. இதற்கும் இறக்கைக் கோளாறு இருந்தது. 1917 அக்டோபர் இறுதியில் நேர்ந்த உயிரிழப்புகளால் சில வாரங்கள் இவ்வகை விமானங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. இதன் எஞ்சின், உருளைகளோடு சேர்ந்து தானும் சுழலும் வகையைச் சேர்ந்தது. அத்தகைய எஞ்சினுக்கு உகந்த மசகு எண்ணெய் ஆமணக்கு எண்ணெய். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று வழங்கும் அதே பொருள். அன்று உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையைப் பெருமளவு அனுப்பிய நாடு, பிரிட்டனின் ஆட்சியிலிருந்த இந்தியா. சென்னை மாகாணத்திலும் அது விளைந்தது. முற்றுகையால் அந்த எண்ணெய் ஜெர்மனிக்குப் போகவில்லை. மாற்றாகத் தயாரித்த செயற்கை மசகெண்ணெயில் எஞ்சின்கள் வெப்பமேறிப் பழுதாயின. நம் மானாவாரி நிலத்தில் விளைந்த ஒரு விதை, பிரான்ஸ் வானத்துச் சண்டையின் போக்கில் பங்கு வகித்தது என்பது உலகப் பொருளாதாரத்தின் வியப்புகளில் ஒன்று.

பற்றாக்குறை வேறொரு வழியிலும் அவரை வந்தடைந்தது. 1917 செப்டம்பர் முதல் நாள் அவருடைய அறுபதாவது வெற்றி பதிவானது. அதற்குப் பின் கிண்ணங்கள் இல்லை. பெர்லினில் வெள்ளி கிடைக்கவில்லை. மீதி இருபது வெற்றிகளுக்குக் கிண்ணமே செய்யப்படவில்லை. ஒரு பேரரசின் கருவூலம் வற்றிக்கொண்டிருந்ததை எந்தப் புள்ளிவிவரமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

1918 தொடக்கத்தில் பெர்லின் அருகே புதிய விமானங்களுக்கான போட்டித் தேர்வு நடந்தது. களத்து விமானிகளே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அம்முறைக்கு ரிக்தோஃபென் பெரிதும் துணைநின்றார். அவர் ஆதரித்த புதிய ஃபோக்கர் விமானம், போரின் மிகச் சிறந்த சண்டை விமானங்களுள் ஒன்றெனப் பெயரெடுத்தது. போர்நிறுத்த ஒப்பந்தத்தில் நேச நாடுகள் பெயர் குறிப்பிட்டுக் கேட்டுப் பெறும் அளவுக்கு அது அஞ்சப்பட்டது. ஆனால், அது அவருடைய படைக்கு முழுமையாக வந்துசேர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1918 மார்ச் 21 அன்று ஜெர்மனி தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அமெரிக்கப் படைகள் பெருமளவில் வந்திறங்குவதற்குள் போரை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அவரைப் பறக்கும் பணியிலிருந்து விடுவிக்கும் யோசனைகள் எழாமல் இல்லை. தரையில் நின்று தாக்குண்டு சாகும் எளிய வீரன் தன் கடமையிலிருந்து விலக முடியாதபோது தாம் மட்டும் விலகுவது முறையன்று என்று அவர் மறுத்தார். அந்த மறுப்பில் மேன்மை உண்டு. ஆனால், தலைக்காயம் ஆறாத ஓர் இளைஞரின் மேன்மையை ஏற்றுக்கொண்டு அவரைத் தொடர்ந்து பறக்கவிட்ட அரசின் செயலில் மேன்மை இல்லை. அவர் வீழ்ந்தால் மக்களின் மனம் உடையும் என்று அஞ்சிய அதே அரசு, அவர் பறந்தால்தான் மக்களின் மனம் நிற்கும் என்றும் கணக்கிட்டது.

ஏப்ரல் 20 மாலை அவர் இரண்டு பிரிட்டிஷ் விமானங்களை வீழ்த்தினார். கணக்கு 80 ஆனது. முதல் உலகப் போரில் வேறு எந்த விமானியும் எட்டாத எண் அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை மூடுபனி விலகிய பின் அவருடைய படை பறந்தது. அன்று அவருடைய உறவினர் வோல்ஃப்ராம் ஃபான் ரிக்தோஃபெனும் புதியவராக உடன் வந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் கனடா நாட்டவரான வில்ஃபிரிட் மே என்ற இளைஞரும் புதியவரே. புதியவர்கள் சண்டையில் கலக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது இரு தரப்பிலும் கட்டளை. மே அதை மீறி வோல்ஃப்ராமைத் தாக்க, உறவினரைக் காக்கவே ரிக்தோஃபென் மேயைத் துரத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கூறுவர். மே துப்பாக்கி சிக்கிக்கொண்டு தப்பியோட, சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிகத் தாழ்வாக, எதிரியின் எல்லைக்குள் வெகுதூரம் அவரை விடாமல் பின்தொடர்ந்தார் ரிக்தோஃபென். கனடாவைச் சேர்ந்த ராய் பிரவுன் மேலிருந்து பாய்ந்து அவர்மீது சுட்டார். தரையிலிருந்த ஆஸ்திரேலிய வீரர்களும் சுட்டனர்.

அன்று காற்று வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கிலிருந்து வீசியது. ஹாக்கரை ஜெர்மன் எல்லைக்குள் தள்ளிய மேல்காற்றின் இடத்தில், ரிக்தோஃபெனை எதிரியின் எல்லைக்குள் தள்ளும் கீழ்காற்று. ஆசிரியர் கற்பித்த கடைசி விதி அன்று மறக்கப்பட்டது. ஒரே ஒரு குண்டு, வலப்பக்க அக்குளுக்குக் கீழே நுழைந்து மார்பின் இடப்புறம் வெளியேறியது. விமானம் வோ என்ற சிற்றூரின் அருகே வயலில் இறங்கி நின்றது. பிரிட்டிஷ் விமானப் படை அந்த வெற்றியைப் பிரவுனுக்கு அளித்தது. குண்டு தரையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்றும், ஆஸ்திரேலிய இயந்திரத் துப்பாக்கி வீரர் செட்ரிக் பாப்கின் சுட்டதாகவே இருக்கலாம் என்றும் பிற்கால ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர்.

மறுநாள் பெர்டாங்கிள் என்ற ஊரில் ஆஸ்திரேலிய விமானப் படையினர் முழு ராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தனர். அவருடைய மறைவுச் செய்தியும் கல்லறையின் படமும் ஜெர்மன் எல்லைக்குள் விமானத்திலிருந்து போடப்பட்டன. எதிரியின் உடலுக்குச் செய்த அந்த மரியாதை, போரில் எஞ்சியிருந்த மனிதத் தன்மைக்குச் சான்றாக இன்றும் பேசப்படுகிறது. அதே வேளையில், நினைவுப் பொருள் தேடிய வீரர்களால் அவருடைய விமானம் துண்டு துண்டாகப் பிய்த்தெடுக்கப்பட்டது. அவர் சேர்த்தது கிண்ணங்கள். அவர்கள் சேர்த்தது சிவப்புத் துணித் துண்டுகள்.

இனி, வரவு செலவுக்கு வருவோம். 19 மாதங்களில் அவர் வீழ்த்தியவை 80 விமானங்கள். 1918-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டன் தயாரித்த விமானங்கள் 30,000-க்கும் மேல். பிரான்ஸ் தயாரித்தவை 24,000-க்கும் மேல். ஜெர்மனியால் அந்த ஆண்டு ஏறத்தாழ 14,000 விமானங்களையே உருவாக்க முடிந்தது. உலகப் போரின் தலைசிறந்த சண்டை விமானி தம் வாழ்நாளில் வீழ்த்திய அனைத்தையும், பிரிட்டனின் தொழிற்சாலைகள் ஒரே நாளில் ஈடுசெய்துவிடும். அமெரிக்கா களமிறங்கியதும் சண்டைப் பிரிவுகளின் எண்ணிக்கையை 40-இலிருந்து 80 ஆக உயர்த்த ஜெர்மனி திட்டமிட்டது. பிரிவுகளைக் காகிதத்தில் இரட்டிப்பாக்கலாம். அலுமினியத்தையும், ரப்பரையும், எரிபொருளையும், பயிற்சி பெற்ற இளைஞர்களையும் இரட்டிப்பாக்க முடியாது. தனிமனித வீரத்தால் தொழில்வளத்தின் பற்றாக்குறையை நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கை, எண்களின் முன் நிற்கவில்லை.

இந்த உண்மையை ஜெர்மனியின் அடுத்த தலைமுறை கற்றிருக்க வேண்டும். அது கற்றது வேறொன்றை. ரிக்தோஃபெனின் படைக்குக் கடைசித் தலைவராக வந்தவர் ஹெர்மன் கோரிங். பின்னாளில் ஹிட்லரின் வலக்கையாகத் திகழ்ந்தவர். 1925-இல் தம்பி போல்கோ அண்ணனின் உடலை பிரான்ஸிலிருந்து கொண்டுவந்தபோது பெர்லினில் அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய பெயரைத் தங்கள் விமானப் படைப்பிரிவுக்குச் சூட்டினர். 1937-இல் கல்லறையில் அவருடைய குலப்பெயர் மட்டும் பொறித்த பெருங்கல்லை நாட்டினர். அதே 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயின் நாட்டின் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. அந்தத் தாக்குதலை வகுத்த ஜெர்மன் அதிகாரி வோல்ஃப்ராம் ஃபான் ரிக்தோஃபென். யாரைக் காக்க மான்ஃபிரட் தம் கடைசிப் பயணத்தில் தாழ இறங்கினார் என்று சொல்லப்படுகிறதோ, அவரே.

இதற்கு மான்ஃபிரட் பொறுப்பாளி ஆகமாட்டார். இறந்தவர்கள் தங்கள் பெயர் எதற்குப் பயன்படுகிறது என்பதைத் தடுக்க இயலாது. ஆனால், உயிருடன் இருப்பவர்கள் தடுக்கலாம். ஒரு வீரரின் வாழ்க்கையிலிருந்து காயத்தையும், சோர்வையும், பழுதான எஞ்சினையும், நின்றுபோன வெள்ளிக் கிண்ணத்தையும் நீக்கிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் எடுத்துக் கொண்டாடும்போது, அடுத்த போருக்கான விளம்பரம் தயாராகிவிடுகிறது. அவருடைய தம்பி லோதார் 40 வெற்றிகளுடன் போரைத் தாண்டி வந்தார். 1922-இல் விமான விபத்தில் மாண்டார். இரு மகன்களை வானத்துக்குக் கொடுத்த தாயின் ஷ்வைட்நிட்ஸ் வீட்டில் கிண்ணங்களும் எதிரி விமானங்களின் சிதைவுகளும் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டன. 1945-இல் சோவியத் படைகள் வந்தபோது அத்தொகுப்பும் சிதறிப்போயிற்று. அந்த ஊரே இன்று ஜெர்மனியில் இல்லை.

பெர்லின் கல்லறையும் நிலைக்கவில்லை. நகரைப் பிரித்த சுவர் அந்த இடுகாட்டை ஒட்டியே எழுந்தது. 1975-இல் அவருடைய எச்சங்கள் வீஸ்பாடன் நகரின் குடும்பக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. பேரரசர், குடியரசு, நாஜி ஆட்சி, பிளவுண்ட நாடு என ஜெர்மனியின் அரை நூற்றாண்டு வரலாறு முழுவதும் அந்த ஓர் உடலைச் சுற்றி நடந்திருக்கிறது. இப்போது அங்கே அவர் ஒரு குடும்பத்தின் பிள்ளையாகத் துயில்கிறார்.

வீரத்தைப் போற்றுவதில் தவறில்லை. அஞ்சாமையும், கடமை உணர்வும், தம்மின் எளியவர்களை விட்டு விலக மறுத்த பண்பும் எந்த நாட்டினரிடம் இருந்தாலும் போற்றத்தக்கவையே. ஆனால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதாவது ஓர் அரசு ஏதாவது ஓர் இளைஞரின் படத்தை உயர்த்திப் பிடித்து, மற்ற இளைஞர்களை அழைக்கும். அப்போது அந்த அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த இளைஞரை ஓய்வெடுக்க விடுவீர்களா என்பது ஒன்று. இவருடைய வீரத்தால் நிரப்ப முயலும் பற்றாக்குறை எது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் 1918-இல் ஜெர்மன் அரசிடம் நேர்மையான விடை இருந்திருந்தால், எண்பதாவது வெற்றிக்கு மறுநாள் காலை அந்தச் சிவப்பு விமானம் புறப்பட்டிருக்காது.